கொக்கி தயாளன் பேசுகிறேன்

செத்துப்போன கொக்கி தயாளன் அன்று காலையும் ரேஷன் கடைக்கு எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தான்.

"டேய் யுவா! இங்க பாருடா. நீ என் ரத்தம்டா. என்னைப் போட்ட மார்ட்டின் இன்னும் மூணு வேளை சோறு துன்னுக்கினு கீறான். நீ இன்னாடா கிழிச்சுக்கினு கீறே?"

இரண்டு மாடி உயரத் திரை. வெள்ளைச் சட்டை, தங்கச் சங்கிலி, கூப்பிய கை. தலைக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துகளிலிருந்து நீலத் துளிகள் சொட்டி அவன் தோளில் விழுந்து மறைந்தன. காலடியில் ஒரு வரி: 'ஏரியா ஆள் மேல் கை வைக்காத வள்ளல்.'

முன்பெல்லாம் அஞ்சலி பேனர் சும்மா நிற்கும். மழையில் நனையும், காற்றில் கிழியும், ஒரு நாள் யார் வீட்டுக் கூரைக்காவது தார்ப்பாயாகப் போய்ச் சேரும். 2041-இன் பேனருக்குக் கண் இருந்தது. கடந்து போகிறவனின் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

யுவராஜ் நின்றுவிட்டான். இருபது வயது. கையில் மஞ்சள் ஹெல்மெட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பயிற்சி எடுக்கிறான். பேருந்து வந்து, நின்று, போயேவிட்டது. அவன் ஏறவில்லை.

"யுவா!"

பின்னால் மேகலா. தயாளனின் மனைவி, இல்லை, விதவை. பெற்றவர்கள் போன பிறகு யுவராஜைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவள் இந்த அண்ணிதான்.

"பஸ்ஸ உட்டுட்டு இங்க இன்னா பராக்கு?"

"அண்ணன் கூப்டுது அண்ணி."

"அது உங்க அண்ணன் இல்ல. கரண்டு."

"போன்லயும் வருது அண்ணி. காலையில எழுந்தா அதான் மொதல்ல பேசுது."

வராமல் என்ன செய்யும்? டில்லிபாபு வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி, சாம்பல்மேட்டுக் குடியிருப்பின் எல்லாப் போன்களிலும் தயாளனை ஏற்றிவிட்டிருந்தான். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் ஜன்னல் கண்ணாடி என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். டில்லிபாபு, தயாளனின் வலதுகை. தயாளன் போன பிறகு வலது கை, இடது கை, தலை, எல்லாம்.

"ஞாயித்துக்கிழமை மொதல் வருஷ அஞ்சலி அண்ணி" என்றான் யுவராஜ், ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "அண்ணன் முன்னாடி கத்திய வச்சுப் படைச்சிட்டு, என் கையில குடுப்பாங்களாம்."

"குடுத்து?"

"சம்பவம்தான்."

சம்பவம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு நிகழ்ச்சி என்று பொருள். சாம்பல்மேட்டில் ஒரே பொருள், ஆளை வெட்டுவது. கொலை என்று சொன்னால் கூசும் நாக்கு, சம்பவம் என்று சொல்லும்போது கூசுவதில்லை. அந்தச் சொல்லுக்கு மேகலாவின் வீட்டில் மட்டும் இன்னொரு பொருள் இருந்தது. அந்த நேரத்தில் அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"உங்க அண்ணன எங்க வெட்னாங்க, சொல்லு."

"டீக்கடையில."

"பட்டப்பகல்ல. ஊரே பாத்துது. தடுக்கப் போன டீ மாஸ்டருக்கு இப்ப சோத்துக் கை இல்ல. அந்தக் கைக்கு எவன்டா பேனர் வச்சான்?"

பதிலைத் திரை சொன்னது. "தம்பி, பொட்டச்சி பேச்சு கேட்டவன் உருப்பட்டதா சரித்திரமே இல்லடா!"

ரேஷன் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்கவில்லை. ஒன்பதாம் பிளாக் ஜெயந்தி. தண்ணீர் லாரி ஓட்டிய பூபதியின் மனைவி. தன் தெருவில் கஞ்சா விற்கக் கூடாது என்று சொன்ன குற்றத்துக்காகப் பூபதி எட்டு வருஷத்துக்கு முன்னால் கால்வாய் ஓரம் கிடந்தான். 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று எழுதி போலீஸ் கேஸைக் கட்டி வைத்துவிட்டது. செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை மேகலா அடுப்படியிலிருந்து நண்டு மசாலா கையோடு ஓடிப்போய் ஜெயந்தியைத் தாங்கிப் பிடித்தாள். பாடையைத் தூக்கிய நாலு பேரில் தயாளன் ஒருவன்.

ஜெயந்தி பையை எடுத்துக்கொண்டு மேகலாவின் அருகே வந்தாள். "அந்தப் புள்ளைய இங்கேர்ந்து எங்கனா அனுப்பிடு மேகலா."

"எங்க அனுப்புறது? போன்லயும் கூடவே போவானே அந்த ஆளு."

*

"செத்தவன் மேல நான் எப்படிம்மா கேஸ் போடறது?" இன்ஸ்பெக்டர் தங்கதுரை நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். "கொலைக்குத் தூண்டினான்னு பொணத்தைப் புடிச்சு உள்ள வைக்கவா?"

"டில்லியப் புடிங்க சார்."

"டில்லி ஒரு வார்த்தை பேசலையே. பேசறது பேனர். பேனருக்கு முறைப்படி அனுமதி வாங்கிருக்கான். ஞாயித்துக்கிழமை பந்தோபஸ்துக்கு நானே வரேன்."

"கத்திய குடுக்கப் போறாங்க. அதுக்கு பந்தோபஸ்தா?"

"குடுக்கட்டும். கையில வாங்கினப்புறம் பாக்கலாம்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஏதோ நல்லது சொல்கிறவர் போல. "ஏம்மா, உள்ளத சொல்றேன். அந்தக் கோஷ்டியில ஒண்ணு போவுது, இந்தக் கோஷ்டியில ஒண்ணு போவுது. அவனுங்களே அடிச்சுக்கினு சாவறானுங்க. எங்களுக்கு வேலை மிச்சம்."

மேகலா அரசு ஆஸ்பத்திரியில் ரத்த வங்கி உதவியாளர். சாம்பல்மேட்டுக்கு ரத்தம் வேண்டும் என்றால் பிரசவமா, விபத்தா என்று கேட்ட காலம் அவளுக்கு நினைவிருக்கிறது. இப்போது யாரும் கேட்பதில்லை.

"ஒண்ணு போனா ஒண்ணு குறையுதுன்னு யாரு சார் உங்களுக்குச் சொன்னது?" அவள் எழுந்துவிட்டாள். "ஒருத்தன் செத்தா அவனுக்குத் தம்பி கீறான். மச்சான் கீறான். பொறந்து நடக்க ஆரம்பிச்ச புள்ளை கீது. அத்தன பேர் கையிலயும் கத்தி வருது. குறையலை சார், குட்டி போடுது. ராத்திரி பகலா ரத்தப் பை தூக்கினு ஓடறவ நானு. உங்களுக்கு வேலை மிச்சம், எனக்கு இல்ல."

"சத்தம் போடாதம்மா. இது ஸ்டேஷன்."

"ஸ்டேஷன்தானா? நான் வேற இடம்னு நெனச்சுட்டேன்."

*

பேசும் அஞ்சலி விற்கும் கம்பெனியின் பெயர் 'என்றும்'. ஓ.எம்.ஆர். சாலையில் கண்ணாடிக் கட்டடம். வாசலில் மல்லிகை வாசனை தெளித்திருந்தார்கள். துக்கத்தோடு வருகிறவர்களுக்கு ஆறுதலாக இருக்குமாம். மேகலாவுக்குத் தலை வலித்தது.

எதிரே உட்கார்ந்த பெண்ணின் பெயர் தாரணி. கோயம்புத்தூர்ப் பக்கம். பேச்சிலேயே தெரிந்தது.

"அதை அணைச்சிடும்மா. அவ்ளோதான் நான் கேக்கறது."

"முடியாதுங்கக்கா. தை மாசம் வரைக்கும் ஒப்பந்தம் இருக்குதுங்க. பதிவு பண்ணின டில்லிபாபு சாரே வந்து கேட்டாலும் அதுக்கு முன்னால அணைக்க மாட்டோம். துக்கத்துல இருக்கறவங்க இன்னைக்கு வேண்டாம்பாங்க, நாளைக்குத் திரும்ப வேணும்னு அழுவாங்க. அதனால அப்படி ஒரு விதிங்க."

"நான் அவரு பொண்டாட்டி."

"புரியுதுங்க. ஆனா பதிவு உங்க பேர்ல இல்லீங்களே."

மேகலா மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "சரி. அந்த ஆளு இப்படித்தான் பேசுவான்னு உங்க மெஷினுக்கு யாரு சொன்னது?"

"அவரு பேசினதுதானுங்க. டில்லிபாபு சார் ஒரு மூட்டை வாய்ஸ் மெசேஜ் கொடுத்தாரு. தயாளன் சார் அவருக்கும் மத்த பசங்களுக்கும் அனுப்பினது. எல்லாத்தையும் கேட்டுப் பார்த்துட்டுத்தான் கொடுக்கறீங்களான்னு கேட்டேனுங்க. 'எங்க அண்ணன் பேச்சுல வடிகட்ட இன்னா கீது, அப்படியே போடு'ன்னுட்டாரு." தாரணி தயங்கினாள். "மெஷின் சொந்தமா யோசிக்காதுங்கக்கா. இந்த இடத்துல இவரு அடுத்த வார்த்தை என்ன சொல்லியிருப்பாருன்னு யூகிக்கும். அவ்வளவுதான்."

"வெட்டு, குத்துன்னு மட்டுமே பேசினத கேட்டு வளந்தது, அடுத்த வார்த்தை இன்னா சொல்லும்?"

தாரணி மேஜையிலிருந்த பேனாவை எடுத்து மூடினாள்.

"ஒரு இருபது வயசுப் புள்ளைய அது தெனைக்கும் கூப்டுதும்மா. கேக்குற புள்ளைக்கு அது யூகம்னா தெரியும்? அண்ணன்னுதான் தெரியும். நீங்க விக்கறது அஞ்சலி இல்ல. வெட்டிப் போட்டாலும் சாவாத ரவுடிய விக்கிறீங்க. உசிரோட இருந்தப்பவாவது அந்த ஆளு தூங்குவான், குடிச்சிட்டுக் கவுந்து கெடப்பான், அந்த நேரம் ஊரு நிம்மதியா இருக்கும். இப்போ அதுவும் இல்ல."

"நான் கீழ வரைக்கும் வர்றேனுங்க" என்று தாரணி எழுந்தாள்.

லிஃப்ட் கதவு மூடியதும் வேறு குரலில் கேட்டாள். "அவருக்கு எழுத வருமாங்கக்கா?"

"கையெழுத்தே கொக்கி மாதிரிதான் போடுவாரு. மூட்டை தூக்கற கொக்கியோட ஹார்பர்ல வேலை பாத்த ஆளு. எல்லாம் வாய்தான்."

"அப்போ உங்களுக்கும் வாய்ஸ்லதானே அனுப்பியிருப்பாரு?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. பால் வாங்கு, கேஸ் வந்துச்சா, எல்லாம்."

"அழிச்சிட்டீங்களா?"

மேகலா தலையசைத்தாள். இல்லை.

"பேனருக்கு அடியில 'நினைவைச் சேருங்கள்'னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அதுக்குப் பதிவுப் பேரு தேவையில்லை. யாரு வேணும்னாலும் சேர்க்கலாம். குரல் அவரோடதா இருந்தாப் போதும். எது அதிகமோ அந்தப் பக்கம் சாயும்." லிஃப்ட் நின்றது. "நான் ஒண்ணும் சொல்லலீங்க."

"நானும் ஒண்ணும் கேக்கல கண்ணு."

*

சனிக்கிழமை மத்தியானம் மேகலா கட்டிலில் உட்கார்ந்து புருஷனைக் கேட்டாள். ஒரு வருஷமாகத் தொடாத குரல்கள்.

"மேகலா, சிலிண்டர்காரன் வந்தா கதவு தொற. நான் தூங்கிக்கினு கீறேன்னு சொல்லாத, வெளியூருன்னு சொல்லு."

"மேகலா, யுவாவுக்கு ஜுரம் எறங்கிச்சா? எறங்கலைன்னா நான் வரேன். வந்தா என்னைப் புடிச்சுக்குவானுங்க, பரவால்ல, வரேன்."

"இந்தா, கோச்சுக்கினியா? பேசு. ஒரு வார்த்தை பேசு."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்தக் குரலை அவன் அறைக்குள் வைத்துக்கொண்டான். வெளியே ஊருக்குக் கொடுத்ததெல்லாம் அந்த இன்னொரு குரல். ஊர் அதைத்தான் பேனரில் ஏற்றிக் கும்பிடுகிறது.

பிறகு அந்தச் சொல் வந்தது.

"மேகலா, இன்னிக்கு சம்பவம்! நல்ல பெரிய நண்டு கெடச்சுது. மொளகு தூக்கலா அரைச்சு வையி, வந்துக்கினே கீறேன்."

கல்யாணமான புதிதில் அவன் போனில் யாரிடமோ 'ஞாயித்துக்கிழமை சம்பவம் கீது' என்று சொன்னதைக் கேட்டு, இன்னாய்யா சம்பவம் என்று விசாரித்தாள். அவன் ஒரு நொடி முழித்தான். "நண்டு" என்றான். "பசங்கல்லாம் சேந்து நண்டு துன்றதுக்குப் பேரு சம்பவம்." அன்று மாலை நிஜமாகவே நண்டு வாங்கி வந்தான். பொய் என்று அவளுக்கு அப்புறம் புரிந்தது. ஆனால் சொல் வீட்டிலேயே தங்கிவிட்டது. நண்டு வந்தால் சம்பவம். யுவராஜ் சின்னப் பையனாகத் தட்டைத் தட்டிக்கொண்டு, சம்பவம் சம்பவம் என்று குதிப்பான். மார்க்கெட்டிலிருந்து வந்தால் தயாளன் சட்டையைத் தானே கசக்கிப் போடுவான். புருஷன் துணி துவைக்கிறான் என்று மற்றப் பெண்களிடம் அவள் பெருமையாகச் சொன்னது உண்டு.

கேட்டுக்கொண்டே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. சாமியாக நிற்கிறவனைப் பார்த்துத்தான் யுவா பயப்படுகிறான். நண்டு கேட்கிற ஆளுக்காக எவன் கத்தி எடுப்பான்?

பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். திரைக்கு முன்னால் போனை நீட்டி, இருந்த குரல் எல்லாவற்றையும் அனுப்பினாள். திரையில் தயாளன் நன்றி சொன்னான். "நினைவைச் சேர்த்தவருக்கு என் வணக்கம்."

"வாங்கிக்கோ" என்றாள் மேகலா.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை. மேளம். பிரியாணி அண்டாக்கள். பாதி ஊர் சாப்பிட வந்தது, மீதி ஊர் வராவிட்டால் தப்பாகிவிடும் என்று வந்தது. கோட்டு போட்ட வக்கீல் ஒருவர், கட்சித் துண்டு போட்ட இரண்டு பேர், ஓரமாகப் பந்தோபஸ்து என்ற பெயரில் இன்ஸ்பெக்டர் தங்கதுரை, கையில் பிரியாணித் தட்டு. ஐந்து வயதுக் குழந்தைகள் அட்டைக் கத்தியோடு ஓடிப் பிடித்து விளையாடின. அட்டைக் கத்தியை யாரோ வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ வெள்ளிக் காகிதம் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் அம்மா அப்பாதான்.

திரைக்கு முன்னால் பித்தளைத் தட்டில் எலுமிச்சம்பழம், பக்கத்தில் பட்டாக்கத்தி.

யுவராஜ் புதுச் சட்டையில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. மேகலா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தாள். ஜெயந்தி அவள் கையைப் பிடித்திருந்தாள்.

டில்லிபாபு மைக்கைத் தட்டினான். "எங்க தெய்வம் கொக்கி அண்ணன், செத்தும் நம்ம கூடவே கீது! அண்ணன் வாயால உத்தரவு வாங்குவோம்!" திரும்பித் திரையைக் கும்பிட்டான். "அண்ணே! சம்பவம் எப்போ வச்சுக்கலாம்?"

தயாளனின் முகம் மலர்ந்தது.

"இன்னிக்கே வச்சுக்கலாம். பெரிய நண்டா பாத்து வாங்கு. காலு ஒடஞ்சிருந்தா வாணாம்னு சொல்லிடு, ஏமாத்திடுவானுங்க."

மேளம் நின்றது.

டில்லிபாபு மைக்கை இன்னும் நெருக்கமாகப் பிடித்தான். "அண்ணே, மார்ட்டின் மேட்டரு!"

"மார்ட்டின் வந்துக்கிறானா? அவனுக்கும் ஒரு தட்டு வையி. மேகலா, மொளகு அரைச்சிட்டியா?"

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் அதன் அம்மா. அப்புறம் அண்டா பக்கம் நின்ற சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். ஒரு வருஷமாகப் பயந்து பயந்து உள்ளே வைத்திருந்த சிரிப்பு மாடிக்கு மாடி பரவிற்று. மேல் பால்கனியிலிருந்து யாரோ கத்தினார்கள். "டில்லிண்ணே, எனக்கு ஒரு சம்பவம் பார்சல்!"

"எவன்டா அவன்!" டில்லிபாபுவின் கழுத்து நரம்பு புடைத்தது. "எவனோ அண்ணன் பேச்சுல கைய வச்சுக்கிறான்!"

"நான்தான் வச்சேன்" என்றாள் மேகலா. "எல்லாம் அவரு குரலுதான். எங்க வீட்டுல பேசினது. ஏன், வூட்டுல பேசினது அண்ணன் பேச்சு இல்லியா?"

யுவராஜும் சிரித்துக்கொண்டிருந்தான். சின்னப் பையனின் சிரிப்பு. மேகலா அதைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அவன் சிரிப்பு மாறாமலே திரையைப் பார்த்துக் கேட்டான். "அண்ணா! அப்போ சம்பவம்னா நண்டுதானா? வேற ஒண்ணும் இல்லியா?"

திரையில் தயாளன் ஒரு முறை இமைத்தான். டில்லி கொடுத்த மூட்டையும் மேகலா கொடுத்த மூட்டையும் உள்ளே எங்கோ சந்தித்துக்கொண்டன.

"ரெண்டும் ஒண்ணுதான்டா தம்பி" என்றது குரல். வீட்டுக் குரல். கொஞ்சும் குரல். "தண்ணி லாரி பூபதிய முடிச்சிட்டு நேரா மார்க்கெட்டுக்குத்தான போனேன்? உங்க அண்ணி கேட்டா இன்னா சொல்றது? அதான் நண்டு. ஒவ்வொரு வாட்டியும் அப்டித்தான். சட்டையில இன்னாய்யா செவப்புன்னு கேட்டா. நண்டு ரத்தம்னு சொன்னேன், நம்பிட்டா. நானே கசக்கிப் போட்டேன். நீ கொடுக்கு வேணும் கொடுக்கு வேணும்னு அடம் புடிச்ச. ஒடச்சு ஒடச்சுக் குடுத்தேன்ல?"

சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

நண்டுக்குச் சிவப்பு ரத்தம் கிடையாது. ரத்த வங்கியில் வேலை பார்க்கிறவளுக்கு அது அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். மேகலா தன் கையைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த ஜெயந்தியின் கை அங்கே இல்லை.

ஜெயந்தி அழவில்லை. நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள். "அடையாளம் தெரியாத நபர்னு எழுதினீங்களே சார். இப்போ தெரிஞ்சுதா? நல்லா பாருங்க. ரெண்டு மாடி ஒசரத்துக்கு நிக்கிறான்."

தங்கதுரை பிரியாணித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"வள்ளல்!" பால்கனியிலிருந்து ஒரு பெண் குரல் வெடித்தது. "ஏரியா ஆள் மேல கை வைக்காத வள்ளல்! எம் புள்ளையையும் நீதானாடா?"

பித்தளைத் தட்டு சத்தமாக உருண்டது. யுவராஜ் தரையில் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மேகலா ஓடிப்போய் அவன் தலையைப் பிடித்தாள்.

"நானும் துன்னேன் அண்ணி" என்றான், மூச்சு வாங்க. "கொடுக்கெல்லாம் எனக்குத்தான் குடுத்துச்சு. பூபதி மாமா செத்த அன்னிக்கி... நானும் துன்னேன்."

"நான்தான்டா ஆக்கிப் போட்டேன்."

அவள் எழுந்தாள். கீழே கிடந்த பட்டாக்கத்தியை எடுத்து டில்லிபாபுவின் காலடியில் எறிந்தாள். "புடி. அவனுக்குத் தம்பி கெடையாது. வேற ஆளப் பாரு."

டில்லிபாபு குனிந்து கத்தியை எடுத்தான். அவன் யாரை வெட்டப் போகிறான் என்று கூட்டம் பின்வாங்கியது. அவன் திரையை வெட்டினான். ஒரு வெட்டு. இரண்டு வெட்டு. தயாளனின் கழுத்தில் பொறி பறந்தது, முகம் கோடு கோடாகக் கிழிந்து அணைந்தது. தெய்வம் என்று கும்பிட்ட கைதான் வெட்டியது.

"முடிஞ்சுது! எல்லாரும் போங்க!" என்று இரைந்தான்.

முடியவில்லை. ஜெயந்தி தன் போனை எடுத்தாள். டில்லிபாபுவே ஆள் அனுப்பி ஏற்றி வைத்த போன்.

"தயா" என்றாள். "அவரு கடைசியா இன்னா சொன்னாரு?"

கூட்டமே காதாக இருந்தது.

"புள்ளைய டியூஷன்லேர்ந்து கூட்டினு வரணும், விட்டுடு தயான்னாரு" என்றது போன்.

யூகமா, நிஜமா? அது மெஷினுக்கே தெரியாது. ஜெயந்திக்குத் தெரியும். எட்டு வருஷமாக அந்தப் பிள்ளை, அப்பா ஏன் கூப்பிட வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது.

*

மறுநாள் காலை தாரணியின் மேஜையில் போன் அலறியது.

"நான் டில்லிபாபு பேசறேன். அத அணை! உடனே அணை! எல்லாப் போன்லேர்ந்தும் எடு. ஊர் ஊரா பொம்பளைங்க கெளம்பி வந்து அதுகிட்ட கேள்வி கேட்டுக்கினு கீறாங்க. எம் பேரெல்லாம் சொல்லுது!"

தாரணி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க சார். தை மாசம் வரைக்கும் ஒப்பந்தம் இருக்குதுங்க. பதிவு பண்ணினவங்களே கேட்டாலும் அணைக்க மாட்டோம். துக்கத்துல இருக்கறவங்க மனசு மாறிக்கிட்டே இருக்குமுங்க."

சாம்பல்மேட்டில் அதே நேரம், கிழிந்த திரைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் மேகலாவின் போன். எதிரே பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கையில் பள்ளிச் சீருடையில் ஒரு பையனின் போட்டோ. ஒருத்தி மார்ட்டின் தெருவிலிருந்து வந்தவள், இதுவரை இந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. டீ மாஸ்டர் இடது கையால் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு போலீஸ்காரரை எழுத உட்கார்த்தியிருந்தார். பந்தோபஸ்துக்கு இல்லை.

பேருந்து வந்தது. யுவராஜ் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

போன் தயங்கியது. "மேகலா" என்றது, அந்தக் கொஞ்சும் குரலில். "போதும் மேகலா. கோச்சுக்கினியா? இவங்கள போகச் சொல்லு. நாம வூட்டுக்குப் போலாம்."

மேகலா குனிந்து போனின் சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டினாள்.

"பேசுய்யா" என்றாள். "தை வரைக்கும் நேரம் கீது."